மின்சார மந்திரியின் ஆறு நாள் ஆட்சி

திங்கட்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் என் உத்தரவு இல்லாமல் ஒரு பல்புகூட எரியக் கூடாது.

நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் எடுத்த பதினேழாவது சபதம் இது. முதல் பதினாறும் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பதினாறுக்கும் பின்னால் வெறும் வாய்தான் இருந்தது. இதற்குப் பின்னால் சுவரில் மாட்டிய ஒரு பெரிய பேட்டரி இருந்தது.

முந்தின நாள்தான் சூறாவளி எங்கள் ஊரை ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போயிருந்தது. மின்கம்பங்கள் கரும்பு வயலில் கரும்போடு கரும்பாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் வர ஒரு வாரம் ஆகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊர் முழுக்க இருட்டு, புழுக்கம், கொசு. எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியது. போன ஜனவரியில்தான் கூரை நிறைய சோலார் தகடும் கொட்டகைச் சுவரில் பேட்டரியும் போட்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு சான்டோ, "ஏன் மாப்ளே, ராக்கெட் விடப் போறியா?" என்று சிரித்தான். இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் என் துக்கம் உங்களுக்குப் புரியாது. புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் பௌல்ஸ் கிளப்புக்குச் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டம். பழைய தலைவர் மகள் வீட்டோடு இருக்க கெய்ன்ஸ் நகரத்துக்குப் போய்விட்டார். புதுத் தலைவர் பதவிக்கு மனுப் போட்டிருந்தது நான் ஒருவன்தான். கிளப் சுவரில் தலைவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் எழுதிய பலகை இருக்கிறது. முப்பது வருடமாக அதன் கீழே உட்கார்ந்து பீர் குடித்திருக்கிறேன். சர்க்கரை ஆலையில் முப்பத்தைந்து வருடம் கரும்பு ஏற்றும் ரயில் ஓட்டியும் யாரும் என்னை எதற்கும் தலைவனாக்கவில்லை. கிளப்பில்கூட நான் புல்லுக்குத் தண்ணீர் விடும் கமிட்டியின் துணை உறுப்பினன். ஒரே ஒரு தடவை 'மெர்வின் டக்வெல்' என்று அந்தப் பலகையில் வந்துவிட்டால் போதும், நிம்மதியாகச் செத்துப்போவேன்.

சூறாவளி கிளப்பின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உடனே எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். கூட்டம் என் வீட்டில். ஃபேன் உண்டு, மைக் உண்டு, சில்லென்று பீர் உண்டு. இருட்டில் கிடக்கிற ஊருக்கு ஒளி கொடுத்தவனைத் தலைவனாக்காமல் வேறு யாரை ஆக்குவார்கள்?

அதற்குச் சனிக்கிழமை வரை பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். என் மனைவி கோரலைக் கூப்பிட்டேன்.

"கோரல், இங்க வா. முக்கியமான அறிவிப்பு."

"அங்கேருந்தே சொல்லு. கையிலதான் மாவு, காது சும்மாதான் இருக்கு."

"நம்ம இன்வெர்ட்டர் ஐயாயிரம் வாட்தான் தாங்கும். கெட்டில் மட்டும் ரெண்டாயிரத்து நானூறு குடிக்கும். ஓவன் அதுக்கும் மேல. ரெண்டு மூணு சேந்துச்சுன்னா டிரிப் ஆயிடும். அதனால இன்னிலேருந்து சூடு பண்ற சாமான் எதுவா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்."

"டீ குடிக்கணும்னா?"

"கேக்கணும்."

"டோஸ்டர்?"

"கேக்கணும்."

"ஹேர் டிரையர்?"

"ஊரே இருட்டுல கெடக்கு. உன் முடியை யார் பாக்கப் போறா?"

"நீ பாப்பேன்னு ஒரு நப்பாசை."

"கோரல், இது விளையாட்டு இல்ல."

"கக்கூஸ்ல தண்ணி விடறதுக்கும் கேக்கணுமா?"

"அது கரண்ட்ல ஓடல."

"அப்பாடா. அந்த சுதந்திரமாவது மிச்சம்."

போன் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேட்டரி எத்தனை சதவீதம் என்று அதில் தெரியும். காலை பத்தரை மணிக்கே நூறைத் தொட்டது. புயலுக்குப் பிந்தைய வெயில், சும்மா கொளுத்தியது. நூறு என்ற எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசிகூட எடுக்கவில்லை.

கோரல் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நூறு ஆயிடுச்சா? இதுக்கு மேல வர்ற வெயிலெல்லாம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. பேட்டரி நெறைஞ்சா தகடு தானா நின்னுடும். ஊர்ல கரண்ட் இருந்தா வெளிய அனுப்பலாம். இப்பதான் கம்பியே இல்லையே."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் அவ்வளவும் வீணு?"

"வீணு இல்ல. சேமிப்பு."

"நெறைஞ்ச வாளியைக் குழாய்க்குக் கீழேயே வச்சுட்டு அதைச் சேமிப்புங்கிற."

"உனக்கு இதெல்லாம் புரியாது கோரல்."

"சரி மெர்வ்."

நாற்பது வருடத்தில் கோரல் எதிர்த்துப் பேசிய எதுவும் எனக்குக் கெடுதல் செய்ததில்லை. 'சரி மெர்வ்' என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் நாசமாய்ப் போயிருக்கிறேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. பேட்டரி போதை.

செவ்வாய்க்கிழமை சான்டோ ஒரு கோப்பையோடு வந்தான். அவனுக்கு அறுபது ஏக்கர் கரும்பு. இத்தாலியிலிருந்து வந்த அவன் தாத்தா வெட்டித் திருத்திய நிலம். காலையில் காபி இல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது.

"மாப்ளே, ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிச்சிட்டு இருக்கேன். ஒரு கப் வெந்நீர் குடு."

"சனிக்கிழமை வா. கூட்டத்துல தர்றேன்."

"டேய், இன்னிக்கு செவ்வாய்!"

"வெந்நீர்னா ரெண்டாயிரத்து நானூறு வாட்டுடா."

"நான் வாட் கேக்கல, தண்ணி கேட்டேன்."

"ஒருத்தனுக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும். தலைவனா வரப்போறவன் கறாரா இருக்கணும் சான்டோ. நாளைக்கு நீயே என்னைப் பாராட்டுவே."

அவன் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனான். சற்று நேரத்தில் எதிர்வீட்டு டெல்மா வந்தார். எண்பது வயது, எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷினின் பேட்டரியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மெர்வின், இதுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுப்பா."

"சனிக்கிழமை கூட்டம் முடியட்டும் டெல்மா, முதல் வேலையா போட்டுத் தர்றேன்."

"அதுவரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கணுமா?"

சின்ன பேட்டரிதான், பெரிதாக ஒன்றும் இழுக்காது. ஆனால் ஒரு விதிவிலக்கு கொடுத்தால் ஒன்பது வரும். கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடு ஆப்பைப் பார்த்தேன். நூறு. மனசு தேறிவிட்டது.

புதன்கிழமை பகல் பதினொன்றரை மணி. ஆப்பில் என் கட்டைவிரல் தவறுதலாக வேறெங்கோ பட்டது. இதுவரை நான் பார்க்காத ஒரு பக்கம் திறந்தது. வீடு இந்த நிமிஷம் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டுகிற பக்கம். நாலாயிரத்து இருநூறு!

எங்கள் வீடு கட்டைகள் மேல் தூக்கிக் கட்டிய மரவீடு. துவைக்கிற இடம் அடியில் இருக்கிறது. நான் மேலே வராந்தாவில். படியில் தடதடவென்று இறங்கினேன்.

கீழே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் பழைய ஓவனில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பதினான்கு போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஓரமாக டெல்மாவின் மூச்சு பேட்டரி. நடுவில் சான்டோ, ஆவி பறக்கும் காபியோடு. மூன்று நாளாக நான் இதற்கு நேர் மேலே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறேன்!

"கோரல்! இது யாரோட டவுசர்?"

"சான்டோவோடது. காயப் போடணும், இந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். பழக்கம்.

"என்ன நடக்குது இங்க? ஐயாயிரத்துக்கு மேல போச்சுன்னா..."

"போகாது. அங்க பாரு."

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யார் எப்போது எதைப் போடலாம் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். பத்தரைக்கு மேல்தான் கடை திறப்பு. ஓவன் சூடேறும்போது இஸ்திரி கிடையாது. வாஷிங் மெஷினில் பச்சைத் தண்ணீர் மட்டும். மேகம் மறைத்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று மணிக்கு எல்லாம் நிறுத்தம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பேட்டரி எவ்வளவு இருக்கு மெர்வ்?"

பார்த்தேன். நூறு.

"நேத்து?"

"நூறு."

"முந்தாநேத்து?"

நான் ஆப்பை மூடினேன்.

"வீணாப் போற வெயிலைத்தான் எடுத்தேன். உன் நூறை நான் தொடவே இல்ல. நீ அதைப் பத்திரமா பாத்துக்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சான்டோ கோப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினான். அசடு வழிந்துகொண்டே படி ஏறினேன். மூன்று நாள் ஒரே எண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் மேலே போய் உட்கார்ந்து யோசித்ததும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஊர்ச் சட்டை எல்லாம் யார் கரண்டில் துவைக்கப்படுகிறது? என் கரண்டில். ரொட்டி எதில் வேகிறது? என் ஓவனில். அப்படியானால் ஓட்டு யாருக்கு? கோரல் தன்னை அறியாமலேயே எனக்குப் பிரசாரம் செய்துகொண்டிருக்கிறாள்! பாவம், வெகுளி.

வெள்ளிக்கிழமை வேலியோரம் சான்டோவைப் பிடித்தேன்.

"சட்டை பளிச்சுன்னு இருக்கே."

"உங்க வீட்டுல துவைச்சதுதான்."

"நாளைக்கு ஞாபகம் வச்சுக்க."

"மறப்பேனா மாப்ளே? ஊர்ல ஒருத்தரும் மறக்க மாட்டாங்க."

அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வானம் மூடிக்கொண்டது. பரவாயில்லை, என் நூறு இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டு அடியில் முப்பத்தெட்டு உறுப்பினர்கள், என்னையும் கோரலையும் சேர்த்து. எல்லோரும் கிளப்பின் வெள்ளை உடையில். அத்தனையும் கோரல் துவைத்துக் கொடுத்த வெள்ளை. நான்கு ஃபேன், பீர் ஃப்ரிட்ஜ், வாடகை மைக். என் கையில் பதினோரு பக்க உரை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். டீ பாய்லர் கொதிக்காமல், இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை சூடாகாமல் எந்தக் கூட்டமும் கூட்டமே இல்லை. வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்த கூட்டத்தில்கூட பாய்லரை மேஜை மேல் ஏற்றிவைத்துக் கொதிக்கவிட்டவர்கள் நாங்கள். நானும் கம்பீரமாக நடந்துபோய் பாய்லரையும் பை சூடாக்கும் பெட்டியையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேன். பிறகு மைக்கைப் பிடித்தேன்.

"நண்பர்களே! என் தலைமையில் இந்தக் கிளப்..."

ஃப்ரிட்ஜ் 'டுர்' என்று கிளம்பியது. எல்லாம் செத்தது.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கொட்டகைக்கு ஓடி இன்வெர்ட்டரைத் தட்டி எழுப்பிவிட்டு வந்தேன்.

"நண்பர்களே! என் தலைமையில்..."

டுர். ஃபேன் நின்றது. மறுபடி ஓட்டம்.

"நண்பர்களே! என்..."

இந்தத் தடவை இன்வெர்ட்டர் 'பீப் பீப்' என்று அழ ஆரம்பித்தது. எனக்கும் அழுகை வந்தது. வியர்வை பதினோரு பக்கத்தையும் ஒரே பக்கமாக ஒட்டிவிட்டது. டெல்மா விசிறிக்கொண்டே கேட்டார்:

"மெர்வின், டீ எப்ப வரும்?"

கோரல் எழுந்தாள். மைக் இல்லாமலே பேசினாள்.

"முதல்ல பாய்லர் மட்டும். கொதிச்சதும் அதை அணைச்சுட்டு பை பெட்டி. அதுவரைக்கும் பீர் ஃப்ரிட்ஜைப் புடுங்கிடு சான்டோ, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் சூடாகாது. ஃபேன் ரெண்டு போதும், நாற்காலியை நெருக்கிப் போடுங்க."

ஊரே எழுந்து அவள் சொன்னபடி செய்தது. நாலு நாள் பழக்கம். பிறகு அவள் என்னிடம் வந்து, என் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"மெர்வ், நீ கொட்டகைக்குப் போயி இன்வெர்ட்டர் முன்னாடி நில்லு. அந்த நம்பரை உன்னை மாதிரி படிக்க இங்க யாரு இருக்கா? நாலாயிரத்து ஐந்நூறு தாண்டுச்சுன்னா ஒரு குரல் குடு. இல்லேன்னா கூட்டமே கெட்டுப்போயிடும்."

எனக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது. இவ்வளவு நாள் கழித்தாவது என் அருமை இவளுக்குத் தெரிந்ததே!

கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தூரம். முக்கால் மணி நேரம் அட்டென்ஷனில் நின்றேன். கண்ணை இமைக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஏதேதோ பேச்சு கேட்டது. என்னைக் கூப்பிடுவது போலவும் இருந்தது. சரியாக அந்த நேரம் எண் தாண்டியது. "நாலாயிரத்து அறுநூறு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே ஒரே சிரிப்பு. யாரோ எதையோ அணைத்தார்கள். எண் இறங்கியது. கூட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கேட்டது. சாதாரணக் கைதட்டல் இல்லை. விசில், மேஜை தட்டல், 'ஹிப் ஹிப்' கூச்சல். தேர்தல் முடிந்துவிட்டது என்று புரிந்தது. மனுப் போட்டது நான் ஒருவன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைச் சரிசெய்து, இன்வெர்ட்டரைப் பார்த்து ஒரு ஏற்புரை ஒத்திகை பார்த்துவிட்டு, கையை உயர்த்தியபடி வந்தேன்.

"நண்பர்களே, நன்றி! இந்தப் பெரும் பொறுப்பை..."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தலைவர் நாற்காலியில் கோரல் உட்கார்ந்திருந்தாள். டெல்மா அவள் சட்டையில் கிளப் தலைவர் பேட்ஜைக் குத்திக்கொண்டிருந்தார்.

உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். சான்டோ ஒரு மீட் பையை என் கையில் திணித்தான்.

"சாப்பிடு மாப்ளே. சூடு ஆறிடும்."

"சான்டோ, மனு நான் ஒருத்தன்தானே போட்டேன்?"

"கூட்டத்துலயும் பேரு சொல்லலாம்னு சட்டம் இருக்கே. டெல்மா முன்மொழிஞ்சாங்க. நான் வழிமொழிஞ்சேன்."

"நீயா! என் வீட்டுல துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டா?"

"அதை மறக்க மாட்டேன்னு உன்கிட்ட சொன்னேனே."

கோரலிடம் போனேன். அவள் முகத்தில் உண்மையாகவே சங்கடம் இருந்தது.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மெர்வ். ரெண்டு தடவை சொன்னேன்."

"மூணாவது தடவை?"

"மூணாவது தடவை யாரும் கேக்கல."

"எனக்கு ஓட்டு இல்லையா? என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டோமே! உன் ஓட்டு யாருக்குன்னு செயலாளர் கத்திக் கேட்டாரு. நீ 'நாலாயிரத்து அறுநூறு'ன்னே. அவரு செல்லாத ஓட்டுன்னு எழுதிக்கிட்டாரு."

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். முப்பது வருடக் கனவு, ஒரு முக்கால் மணி நேரத்தில். அதுவும் நானே விறைப்பாக நின்று காவல் காத்த முக்கால் மணி நேரத்தில். செயலாளர் ஓட்டுச் சீட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து எடுத்து ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்:

"மொத்தம் எவ்வளவு?"

"கோரலுக்கு முப்பத்தாறு. உனக்கு ஒண்ணு."

ஒன்று! அந்த நேரத்தில் அந்த ஒன்று எனக்கு எப்பேர்ப்பட்ட ஆறுதல் தெரியுமா? இத்தனை பேரில் ஒரு ஜீவனாவது என்னை நினைத்திருக்கிறது. வெந்நீர் மறுத்தும், மூச்சு பேட்டரியைத் திருப்பி அனுப்பியும், என் தகுதியைப் புரிந்துகொண்ட ஒரு நல்ல உள்ளம் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் பை தின்பதில் மும்முரமாக இருந்தார்கள். எழுந்து நின்று குரல் தழுதழுக்கச் சொன்னேன்:

"எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒருத்தர் யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் அவங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்."

கோரல் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காரு மெர்வ், எல்லாரும் பாக்கறாங்க. ஒண்ணுகூட விழலன்னா நல்லாவா இருக்கும்னு நான்தான் போட்டேன்."